புற்றுநோயாளிக்கு ஐசியூ எதற்கு என்று கேட்பவர்களுக்கு

ஏழு ஆண்டுகளுக்கு முன் ஈப்போவில் ஒரு மருத்துவமனையில், ஐசியூ கதவுக்கு எதிரே போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் 11 நாள் உட்கார்ந்திருந்தேன். உள்ளே இருந்தவர் என் அண்ணி. சுங்கை சிப்புட்டுக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் 30 ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். தோட்டம் செம்பனையாகி, லயன் வீடுகள் இடிக்கப்பட்டு, குடும்பம் மலிவு விலை வீட்டுக்குக் குடிவந்து சில ஆண்டுகள் ஆன பிறகு மார்பில் கட்டி இருப்பது தெரிந்தது. அறுவை சிகிச்சை முடிந்து கீமோ போய்க்கொண்டிருந்தது. மூன்றாவது முறை மருந்து ஏற்றிய ஒன்பதாம் நாள் இரவு, அவருடைய இளைய மகன் எனக்குப் போன் செய்தான்.

“சித்தப்பா, அம்மாவுக்கு உடம்பு கொஞ்சம் சுடுது. குளிருதுன்னு சொல்றாங்க.”

மணி 11 இருக்கும். “ரெண்டு பெனடோல் குடுத்துப் படுக்க வைப்பா. விடியட்டும், பார்த்துக்கலாம்” என்றேன். இடைநிலைப்பள்ளியில் 30 ஆண்டுகள் அறிவியல் சொல்லிக்கொடுத்தவன் நான். விடிந்தபோது அண்ணிக்குப் பெற்ற பிள்ளையின் பெயர் வரவில்லை. உடம்பு குளிர்ந்து வியர்த்திருந்தது. மருத்துவமனையில் ரத்த அழுத்தம் பார்த்த தாதி இரண்டாம் முறை பார்க்காமல் மருத்துவரைக் கூப்பிட ஓடினார்.

இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, பார்க்க வந்த சொந்தக்காரர் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்தபடி சொன்னார்: “கேன்சர்னு வந்த பிறகு மிஷின்ல எல்லாம் போட்டு எதுக்கு அவங்கள வதைக்கணும்? வீட்டுக்குக் கொண்டு போயிடுங்க.” கெட்ட எண்ணத்தில் சொன்னவரல்லர். அவர் வீட்டிலும் ஒருவர் அப்படிப் போயிருந்தார். எங்களில் யாரும் பதில் பேசவில்லை. என்னிடம் பதில் இல்லை என்பதுதான் உண்மை. அந்தப் பதிலைத் தேடிப் படித்ததில் கிடைத்ததை இங்கே எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்லன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அந்தச் சொந்தக்காரர் சொன்னதை ஒரு காலத்தில் மருத்துவர்களே சொன்னார்கள். 1983இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், ஐசியூவுக்குப் போன ரத்தப் புற்றுநோயாளிகளில் ஐந்தில் நான்கு பேர் மருத்துவமனையை விட்டு உயிரோடு வெளியேறவில்லை. 1980களின் இறுதியில் தீவிர சிகிச்சை மருத்துவர்களின் முக்கிய இதழில் இதைப் பற்றி ஒரு தலையங்கம் வந்தது. ‘முடியாது என்று சொல்லிவிடுங்கள்’ என்பதுதான் அதன் தலைப்பின் பொருள். கட்டில்கள் குறைவு, செலவு அதிகம், பலன் சொற்பம் என்பது அன்றைய வாதம். அன்றைய கணக்குப்படி அதைத் தவறு என்று சொல்வது கடினம்.

அந்தக் கணக்கு பிறகு மாறியது. 2002ஆம் ஆண்டு மே மாதத்தில் இரண்டு வாரங்களுக்கு, ஐரோப்பாவின் 24 நாடுகளில் 198 ஐசியூக்களில் சேர்ந்த 3,147 பேரை ஒரு பெரிய ஆய்வு பின்தொடர்ந்தது. அவர்களில் 473 பேருக்குப் புற்றுநோய் இருந்தது. மார்பகம், குடல், நுரையீரல் போன்ற உறுப்புகளில் கட்டி உள்ளவர்களில் மருத்துவமனையில் இறந்தவர்கள் 27 விழுக்காடு. புற்றுநோயே இல்லாத மற்ற ஐசியூ நோயாளிகளில் இறந்தவர்கள் 23 விழுக்காடு. வித்தியாசம் அவ்வளவுதான். ரத்தப் புற்றுநோயாளிகளின் நிலை மட்டும் அப்போதும் மோசமாகவே இருந்தது: 58 விழுக்காடு.

பத்து ஆண்டுகளில் அதுவும் இறங்கியது. பிரான்சிலும் பெல்ஜியத்திலும் 17 மையங்களில் ஐசியூவில் சேர்ந்த 1,011 ரத்தப் புற்றுநோயாளிகளைப் பற்றிய ஆய்வு 2013இல் வெளிவந்தது. அவர்களில் நூற்றுக்கு 60 பேர் மருத்துவமனையிலிருந்து உயிரோடு வீடு திரும்பினார்கள். ஓராண்டு கழித்து நூற்றுக்கு 43 பேர் இருந்தார்கள். 1983இல் ஐந்தில் நான்கு பேர் இறந்த அதே வகை நோயாளிகள்தாம் இவர்கள்.

ஐரோப்பாவின் வசதி நமக்கு ஏது என்று கேட்கலாம். பிரேசிலைப் பாருங்கள். அங்கே 28 ஐசியூக்களில் 717 புற்றுநோயாளிகளைப் பற்றி 2010இல் வந்த ஆய்வில், மருத்துவமனையில் இறந்தவர்கள் 30 விழுக்காடு. திட்டமிட்ட அறுவை சிகிச்சைக்குப் பின் ஐசியூவுக்குப் போனவர்களில் இறப்பு 11 விழுக்காடு மட்டுமே. அறுவை சிகிச்சைக்காக அல்லாமல் மற்ற மருத்துவக் காரணங்களுக்காக வந்து சேர்ந்தவர்களின் கதை வேறு. அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இறந்தார்கள்.

இந்த எண்களில் ஒரு குறை உண்டு. இவை எல்லாம் ஐசியூவுக்குள் எடுத்துக்கொள்ளப்பட்டவர்களின் கணக்கு. பிழைக்க வாய்ப்பு இருக்கிறது என்று மருத்துவர் நம்பியவர்களுக்குத்தான் கதவு திறந்திருக்கும். கதவுக்கு வெளியே நின்றுபோனவர்கள் இதில் இல்லை. ஆகவே புற்றுநோயாளிகள் எல்லாருக்கும் ஐசியூவில் பிழைக்கும் வாய்ப்பு இவ்வளவு என்று இதை வாசிக்கக்கூடாது. ஆனால் ‘கேன்சர்’ என்ற ஒரே சொல்லை வைத்துக் கதவை மூடுவது தவறு என்று சொல்ல இவை போதும்.

எது மாறியது என்று தேடினால் மந்திர மருந்து எதுவும் அகப்படவில்லை. பல சின்ன மாற்றங்கள் சேர்ந்து செய்த வேலை இது. சுவாசக் கருவி நுரையீரலைக் காப்பாற்றுவது போலவே அதைக் கிழிக்கவும் செய்யும் என்பது புரிந்தது. ஒவ்வொரு மூச்சிலும் ஊதும் காற்றின் அளவை ஏறக்குறைய பாதியாகக் குறைத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு 2000இல் வந்தது. நுரையீரல் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களில் இறப்பு 40 விழுக்காட்டிலிருந்து 31ஆக இறங்கியது. புது மருந்து எதுவும் இல்லை, குமிழைத் திருகியதுதான். தொண்டையில் குழாய் விடாமல் முகமூடி வழியாகக் காற்றுக் கொடுக்கும் முறையும் வந்தது. 2001இல் பிரான்சில் எதிர்ப்பாற்றல் குறைந்த 52 பேரிடம் அதைச் சோதித்தார்கள். வழக்கமான சிகிச்சை பெற்ற 26 பேரில் 21 பேர் இறந்தார்கள். முகமூடி போட்ட 26 பேரில் 13 பேர் இறந்தார்கள். 2015இல் 374 பேரிடம் மறுபடி சோதித்தபோது முகமூடியால் தனிப்பலன் எதுவும் தெரியவில்லை. முகமூடி தோற்றது என்று அப்போது பலர் எழுதினார்கள். எனக்கு அதில் வேறு செய்திதான் கண்ணில் பட்டது. முகமூடி இல்லாத குழுவிலேயே 28 நாளில் இறந்தவர்கள் 27 விழுக்காடு மட்டுமே. இரண்டு ஆய்வுகளையும் நேரடியாக ஒப்பிட முடியாது, நோயாளிகள் வேறு, கணக்கிட்ட நாளும் வேறு. என்றாலும் இடைப்பட்ட காலத்தில் சாதாரண கவனிப்பே எவ்வளவு மேலே ஏறியிருந்தது என்பதை அது காட்டுகிறது.

சரி, உள்ளே போகிறவர்களில் யார் பிழைக்கிறார்கள்? நோய் எந்த உறுப்பில் தொடங்கியது என்பது நாம் நினைக்கும் அளவுக்கு முக்கியமில்லை. சேரும்போது எத்தனை உறுப்புகள் கைவிட்டுவிட்டன என்பதுதான் முக்கியம். நுரையீரல் ஒன்று, ரத்த ஓட்டம் இரண்டு, சிறுநீரகம் மூன்று, கல்லீரல் நான்கு என்று எண்ணிக்கொண்டே போனால், மூன்றைத் தாண்டும்போது ஐரோப்பிய ஆய்வில் புற்றுநோயாளிகளில் முக்கால்வாசிக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். புற்றுநோய் இல்லாதவர்களிலேயே அந்த நிலையில் பாதிப் பேர் இறந்தார்கள். ஓர் உறுப்பு கெட்டு அடுத்தது கெடுவதற்கு நேரம் ஆகும். அந்த நேரத்தில் நோயாளி எங்கே இருக்கிறார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கட்டிலிலா, காரிலா, வீட்டில் பெனடோல் போட்டுக்கொண்டு போர்வைக்குள்ளா?

கீமோ மருந்து வேகமாகப் பெருகும் செல்களைக் கொல்கிறது. புற்றுநோய்ச் செல் வேகமாகப் பெருகுகிறது. எலும்பு மஜ்ஜையும், குடலின் உள்தோலும், தலைமுடி வேரும் அப்படித்தான். முடி கொட்டுவதை எல்லாரும் பார்க்கிறோம், மஜ்ஜையில் நடப்பது கண்ணுக்குத் தெரிவதில்லை. நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்கள்தாம் கிருமிகளோடு முதலில் மோதும் படை. ஆரோக்கியமான உடம்பில் ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் இவை சில ஆயிரம் இருக்கும். கீமோ போட்ட ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள்வரை இவை அடிமட்டத்துக்கு இறங்கும். 500க்குக் கீழே போனால் பெரிய ஆபத்து. அதே நாள்களில் குடலின் உள்தோலும் புண்ணாகியிருப்பதால், அங்கே காலமெல்லாம் சும்மா கிடந்த கிருமி ரத்தத்துக்குள் நுழைகிறது. வெளியிலிருந்து எதுவும் வரவேண்டிய அவசியமே இல்லை.

படை இல்லாத இடத்தில் சண்டைக்கான அடையாளமும் இருக்காது. சீழ் பிடிக்காது, வீக்கம் தெரியாது, நெஞ்சு எக்ஸ்ரே சில சமயம் சுத்தமாக இருக்கும். காய்ச்சல் ஒன்றுதான் மணி அடிக்கும். பெனடோல் அந்த மணியின் வாயைக் கட்டிவிடும், கிருமியை ஒன்றும் செய்யாது. 38 டிகிரிக்கு மேல் சூடு, நடுக்கம், அல்லது சூடே இல்லாமல் திடீர்ச் சோர்வும் குழப்பமும் இருந்தால், அந்த நேரமே மருத்துவமனைக்குப் போகவேண்டும். ஆண்டிபயாட்டிக் முதல் ஊசி ஒரு மணி நேரத்துக்குள் போடப்பட வேண்டும் என்பதை உலகெங்கும் உள்ள வழிகாட்டிகள் இலக்காக வைத்திருக்கின்றன.

ஏன் ஒரு மணி நேரம்? கனடாவின் வின்னிபெக் நகர மருத்துவர் ஆனந்த் குமாரும் குழுவினரும் 2006இல் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். கிருமித் தொற்றால் ரத்த அழுத்தம் விழுந்த நோயாளிகளில், முதல் ஆறு மணி நேரத்தில் மருந்து தாமதமான ஒவ்வொரு மணிக்கும் பிழைப்போர் விகிதம் சராசரியாக 7.6 விழுக்காடு குறைந்தது. பழைய பதிவேடுகளைப் புரட்டி எடுத்த கணக்கு அது, அந்த எண்ணைப் பற்றி வல்லுநர்களிடையே வாதம் உண்டு. ஆனால் திசையைப் பற்றி வாதம் இல்லை. இரவு 11 மணிக்கும் காலை எட்டு மணிக்கும் இடையில் எத்தனை மணி நேரம் என்பதை நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

இனி நம் பேராக்குக்கு வருகிறேன். மலேசியத் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின்படி, 2012 முதல் 2016 வரை கண்டறியப்பட்டவர்களில் நூற்றுக்கு 64 பேர் மூன்றாம் அல்லது நான்காம் கட்டத்தில்தான் வந்தார்கள். அதற்கு முந்தைய ஐந்தாண்டுகளில் அது 59ஆக இருந்தது. குறைய வேண்டியது கூடியிருக்கிறது. கட்டியைக் காட்ட நேரம் எடுத்துக்கொள்ளும் நாம், காய்ச்சலைக் காட்டவும் நேரம் எடுத்துக்கொள்கிறோம். காரணம் அறியாமை மட்டும் என்று சொன்னால் அது பாதி உண்மை. மாநிலத்தின் முதன்மை மருத்துவமனையான ராஜா பெர்மைசூரி பைனுன் ஈப்போவில் இருக்கிறது. தெலுக் இந்தானிலிருந்தோ கிரிக்கிலிருந்தோ அங்கே வர எவ்வளவு நேரம் ஆகும் என்பதை அந்த ஊர்க்காரர்களிடம் கேளுங்கள், அதுவும் இரவு இரண்டு மணிக்கு, வீட்டில் கார் இல்லாதவர்களிடம். கதிர்வீச்சுக்காகப் பினாங்குக்கும் கோலாலம்பூருக்கும் பஸ் ஏறி அலைந்த பேராக் நோயாளிகளை நம்மில் பலருக்குத் தெரியும்.

தோட்டக் காலத்தைப் பொற்காலமாக்கிப் பேசுவது எனக்குப் பிடிக்காது. அங்கே வாழ்ந்தவர்களுக்குத் தெரியும், வெற்றிலையும் புகையிலையும் தவிர வேறு சுகம் இல்லாத வாழ்க்கை அது. நம் பெண்களின் வாய்ப்புற்றுநோயில் பாக்குக்கும் புகையிலைக்கும் இருக்கும் பங்கு இன்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு மையமே உறுதி செய்த விஷயம். தோட்டத்து டிரெசரைப் பற்றியும் ஆயிரம் குறை சொல்லலாம், எல்லா நோய்க்கும் ஒரே கலவை மருந்தைக் கொடுப்பார் என்ற கேலி எல்லாத் தோட்டங்களிலும் உண்டு. ஆனால் நள்ளிரவில் கதவைத் தட்ட ஓர் ஆள் இருந்தார். லாரியோ வேனோ எடுக்கச் சொல்ல அவருக்கு அதிகாரம் இருந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் சிதறியபோது அந்த ஆள் போய்விட்டார். அவர் இடத்துக்கு இன்றுவரை யாரும் வரவில்லை.

பி40 குடும்பங்களுக்கான பெக்கா பி40 திட்டத்தில், புற்றுநோய் சிகிச்சையை முடிப்பவர்களுக்கு 1,000 வெள்ளி ஊக்கத்தொகையும், தீபகற்பத்தில் 500 வெள்ளிவரை போக்குவரத்து உதவியும் உண்டு. நல்ல திட்டம், தகுதியுள்ளவர்கள் கேட்டுப் பெறவேண்டும். ஆனால் அந்தப் பணம் நள்ளிரவில் கார் கொண்டு வராது.

இந்தக் கட்டுரையில் நான் சண்டை போட விரும்பும் இடம் இதுதான். புற்றுநோயாளிக்கு ஐசியூ வேண்டுமா என்ற கேள்வி எழுந்ததும் எல்லாரும் கட்டில் எண்ணிக்கையைப் பேசுகிறோம், புதுக் கட்டடம் கேட்கிறோம். கட்டில் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் முதல் ஆண்டிபயாட்டிக் ஊசிக்கு ஐசியூ தேவையில்லை, ஈப்போவும் தேவையில்லை. சுங்கை சிப்புட்டிலும் கோலகங்சாரிலும் தாப்பாவிலும் கம்பாரிலும் அரசாங்க மருத்துவமனைகள் இருக்கின்றன. ரத்தத்தைச் சோதனைக்கு எடுத்துவிட்டு, அந்த ஊசியையும் போட்டு, சலைன் ஏற்றிய பிறகு ஆம்புலன்சில் ஈப்போவுக்கு அனுப்பினால், வந்து சேர்பவருக்கு ஒருவேளை ஓர் உறுப்புதான் தடுமாறிக்கொண்டிருக்கும். நேராக ஈப்போவுக்குத்தான் போகவேண்டும் என்று வீட்டில் கார் தேடிக்கொண்டிருந்தால் மூன்று உறுப்புகள் போயிருக்கும். எங்கள் வீட்டில் நாங்கள் செய்தது இரண்டாவது. பக்கத்து மருத்துவமனைக்குக் கேன்சர் தெரியாது என்று நாங்களாகவே முடிவு கட்டியிருந்தோம்.

இதற்குத் தேவை ஓர் அட்டை. கீமோ எடுக்கும் ஒவ்வொருவர் கையிலும், மலாயோடு தமிழிலும் சீனத்திலும் அச்சிட்ட, பணப்பைக்குள் அடங்கும் அட்டை. ‘நான் கீமோ எடுத்துக்கொண்டிருக்கிறேன். எனக்குக் காய்ச்சல் என்றால் அது அவசரம். ஒரு மணி நேரத்துக்குள் ஆண்டிபயாட்டிக் தேவை’ என்ற மூன்று வரியும், கடைசியாக மருந்து ஏற்றிய தேதியும், கூப்பிட வேண்டிய எண்ணும் அதில் இருக்கவேண்டும். அவசரப் பிரிவு முகப்பில் அதை நீட்டினால் காத்திருப்பு வரிசை கிடையாது என்ற ஏற்பாடு வேண்டும். வேறு நாடுகளில் இது பல ஆண்டுகளாக நடைமுறையில் இருக்கிறது. அட்டைக்கு ஆகும் செலவு சில காசுகள். ஒரு தெர்மாமீட்டரையும் சேர்த்துக் கொடுத்தால் சில வெள்ளி. ஐசியூவில் ஒரு நாள் ஆகும் செலவோடு அதை ஒப்பிடக்கூட வேண்டியதில்லை. கோயில் நிர்வாகங்களும் தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர் சங்கங்களும் விழா மலர் அச்சடிக்கும் பணத்தில் ஒரு பகுதியை இதற்குத் திருப்பினால் நான் மகிழ்வேன். யாராவது என்மேல் கோபப்பட்டாலும் பரவாயில்லை.

இவ்வளவு சொன்ன பிறகு மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். அந்தச் சொந்தக்காரர் முழுவதும் தவறில்லை.

ஐசியூ ஒரு பாலம். அக்கரையில் நிற்க இடம் இருந்தால்தான் பாலத்தால் பயன். கிருமித்தொற்று, அறுவைக்குப் பின் வரும் சிக்கல், மருந்தால் கட்டி ஒரேயடியாகச் சிதைந்து அதன் கழிவு சிறுநீரகத்தை அடைத்துக்கொள்வது போன்றவை திரும்பிவரக்கூடிய நிலைகள். இரண்டு வாரம் தாங்கிப் பிடித்தால் உடம்பு எழுந்துகொள்ளும். புற்றுநோயே நுரையீரலை நிரப்பி, கொடுக்க மருந்து எதுவும் மிச்சம் இல்லாத நிலையில் தொண்டையில் குழாய் விட்டால், நோயாளியின் கடைசி நாள்களில் பேச்சைப் பறிப்பதைத் தவிர அந்தக் கருவி வேறெதுவும் செய்யாது.

எது எது என்று முதல் நாளே தெரிந்துவிடுமா? தெரியாது என்பதை மருத்துவர்களே சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். பாரிஸ் நகரின் செயின்ட் லூயிஸ் மருத்துவமனைக் குழுவினர், ஐசியூவுக்குப் பரிந்துரைக்கப்பட்ட 206 புற்றுநோயாளிகளைப் பின்தொடர்ந்து 2005இல் எழுதினார்கள். ‘இவருக்கு இனிப் பயனில்லை’ என்று திருப்பி அனுப்பியவர்களில் நான்கில் ஒருவர் ஒரு மாதம் கழித்தும் உயிரோடு இருந்தார். ‘இவருக்கு ஐசியூ தேவைப்படும் அளவுக்கு ஒன்றுமில்லை’ என்று அனுப்பியவர்களில் ஐந்தில் ஒருவர் அதே ஒரு மாதத்துக்குள் இறந்துபோனார். இரண்டு பக்கமும் தப்பு நடந்திருக்கிறது. தங்கள் தப்பை எண்ணி அச்சில் போட்ட அந்தக் குழுவினர்மேல் எனக்குப் பெரிய மரியாதை.

அதே மருத்துவமனையிலிருந்து 2007இல் ஒரு யோசனையும் வந்தது. படுத்த படுக்கையாக இல்லாமல், இன்னும் சிகிச்சை மிச்சம் இருக்கிற நோயாளி என்றால், எதையும் குறைக்காமல் ஐந்து நாள் முழு மூச்சாகச் சிகிச்சை கொடுத்துப் பாருங்கள், பிறகு உட்கார்ந்து பேசுங்கள் என்பதுதான் அது. சுவாசக் கருவி தேவைப்பட்ட 188 பேரில் 103 பேர் ஐந்து நாளைத் தாண்டினார்கள். அவர்களில் நூற்றுக்கு 40 பேர் பிழைத்தார்கள். பிழைத்தவர்களையும் இறந்தவர்களையும் முதல் நாளில் பார்த்தால் வித்தியாசம் தெரியவில்லை. மூன்றாம் நாளுக்குப் பிறகுதான் பாதை பிரிந்தது. மூன்று நாள் கழித்துப் புதிதாகச் சுவாசக் கருவியோ டயாலிசிஸோ தேவைப்பட்டவர்கள் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

ஆகவே குடும்பங்கள் கேட்க வேண்டிய கேள்வி “ஐசியூவா, வீடா?” என்பது அல்ல. “எத்தனை நாள் முயன்று பார்ப்போம், எதைப் பார்த்து முடிவு செய்வோம்?” என்று கேட்கவேண்டும். “எல்லாத்தையும் செய்யுங்க டாக்டர்” என்று கை கூப்புவது பாசம்தான். ஆனால் அந்தச் சொல்லுக்குப் பின்னால் பல சமயம் அம்மாவின் விருப்பம் இருப்பதில்லை. சிங்கப்பூரிலிருந்து வந்து சேர்ந்த மூத்த மகனின் குற்ற உணர்ச்சி இருக்கும், கூட இருந்து பார்த்துக்கொண்ட தங்கையின்மேல் அவன் கோபமும் இருக்கும். ஐசியூ நாற்காலிகளில் உட்கார்ந்திருந்த 11 நாளில் இப்படி மூன்று குடும்பங்களைப் பார்த்தேன். நான்காவது எங்கள் குடும்பம்.

இதற்கு வேர் நம்மிடம் இருக்கும் ஒரு பழக்கம். “அம்மாகிட்ட கேன்சர்னு சொல்லாதீங்க டாக்டர், தாங்க மாட்டாங்க.” லயத்தில் கணவனைப் பறிகொடுத்து, நான்கு பிள்ளைகளை மரம் வெட்டிப் படிக்க வைத்த பெண் எதைத்தான் தாங்கவில்லை? மறைத்து வைத்துவிட்டுப் பிறகு, அவர் வாயில் குழாய் இருக்கும்போது அவர் என்ன விரும்புவார் என்று நமக்குள் சண்டை போட்டுக்கொள்கிறோம். பேசக்கூடிய காலத்தில் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

வலிநிவாரணப் பராமரிப்பு என்றாலே கைவிட்டுவிட்டார்கள் என்று பொருள் கொள்வதும் இதைப் போன்ற பழக்கம்தான். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் முற்றிய நுரையீரல் புற்றுநோயாளிகள் 151 பேரிடம் நடந்த ஆய்வு 2010இல் வந்தது. நோய் தெரிந்த உடனேயே வழக்கமான சிகிச்சையோடு இந்தப் பராமரிப்பையும் பெற்றவர்கள் சராசரியாக 11.6 மாதம் வாழ்ந்தார்கள். பெறாதவர்கள் 8.9 மாதம். கடைசிக் காலத்தில் கடுமையான சிகிச்சைகளும் அவர்களுக்குக் குறைவாகவே நடந்தன. நம் சுகாதார அமைச்சும் 2019 முதல் 2030 வரைக்கான தேசிய வலிநிவாரணப் பராமரிப்புக் கொள்கையை வெளியிட்டிருக்கிறது. ஈப்போவில் பேராக் பல்லியேட்டிவ் கேர் சொசைட்டி வீடு தேடி வந்து இந்த வேலையைச் செய்கிறது. நோயாளி கடைசி மூச்சு விடும்போது கூப்பிட வேண்டியவர்கள் என்று அவர்களை நினைக்காதீர்கள்.

என் அண்ணி ஏழாம் நாள் கண் விழித்தார். பதினொன்றாம் நாள் வார்டுக்கு மாற்றினார்கள். வீட்டுக்கு வந்தும் இரண்டு மாதம் வாசற்படி ஏற முடியவில்லை. ஐசியூவில் தசைகள் அவ்வளவு கரைந்துபோகும் என்று யாரும் எங்களுக்கு முன்பே சொல்லவில்லை. மீதிக் கீமோவை, வெள்ளை அணுக்களைக் கூட்டும் ஊசியோடு முடித்தார். நான்கு ஆண்டுகள் இருந்தார். மகளுக்குக் கல்யாணம் செய்தார், ஒரு பேத்தியைத் தூக்கினார், கல்லுமலைக் கோயிலில் இரண்டு தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தலில் நின்றார்.

நோய் கல்லீரலில் திரும்பி வந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் வரச்சொல்லி உட்கார வைத்தார். “போன தடவை மிஷின்ல போட்டீங்க, நல்லது. இந்தத் தடவ வேண்டாம். வலி இல்லாம இருந்தாப் போதும்” என்றார். மூத்தவன் அழுதான். “நீ சிங்கப்பூர்ல இருந்து வந்து டாக்டர்கிட்ட சண்ட போடக்கூடாது, இப்பவே சொல்லிட்டேன்” என்று அவனைப் பார்த்துச் சொன்னார். எல்லாரும் சிரித்துவிட்டோம். அவர் விரும்பியபடியே, தம் வீட்டுக் கட்டிலில், ஜன்னல் பக்கம் தலை வைத்து, மூன்று ஆண்டுகளுக்கு முன் போய்ச் சேர்ந்தார்.

அவருக்காக வாங்கிய தெர்மாமீட்டர் என் மேசை இழுப்பறையில் கிடந்தது. போன மாதம் புந்தோங்கிலிருந்து ஒரு பழைய மாணவன் வந்தான், மனைவிக்குக் கீமோ தொடங்குகிறதாம். பேட்டரி மாற்றி அதை அவன் கையில் கொடுத்தேன். ஒரு வெற்று அட்டையை எடுத்து அந்த மூன்று வரியையும் மலாயிலும் தமிழிலும் என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன்.